மேரிசெலின் விற்ற வீடுகள்

தொழிற்சாலைக்கு ரெலிபோன் வந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்தில் பின்னல் மெசின்களோடு பதினாலு வருசம் மாரடித்ததில் நீக்கிலாஸ் கண்டறிந்த உண்மை அது. தகப்பன் கண்ணை மூடிய செய்தி அப்படித்தான் வந்தது. எண்பத்தைந்தாம் ஆண்டு நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலை, கண்ணாடி அறைக்குள் இருந்து மேற்பார்வையாளர் ஸ்வென்ட் விரலை மடக்கி அவனைக் கூப்பிட்டார்.

முப்பத்தாறு மெசின்கள் வட்டம் வட்டமாகச் சுற்றி, வெள்ளைப் பெனியன் துணியைக் குழாய் குழாயாக இறக்கிக்கொண்டிருந்தன. தலைமயிரிலும் புருவத்திலும் படிந்திருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனான். ஸ்வென்ட் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, இவன் முகத்தைப் பாராமல் வெளியே நடந்தார். இரண்டு வருசமாக அவர் அப்படித்தான். வேலை சொல்வார், பிழை கண்டால் அதையும் சொல்வார். மற்ற எல்லோருக்கும் சொல்கிற காலை வணக்கத்தை மட்டும் இவனுக்குச் சொல்லமாட்டார்.

"இஞ்சேருங்கோ..."

மனைவி செலினின் குரல்.

"என்ன? பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. அவள் பள்ளிக்கூடம் போயிட்டாள். பாஸ்!"

"என்ன பாஸ்?"

"சோதினை பாஸ். இப்பதான் கடிதம் வந்தது. எல்லாப் பாடமும். சட்டத்துக்குப் பதினொண்டு தந்திருக்கிறாங்கள்."

"பதினொண்டோ? நூறுக்கோ?"

"உங்களுக்கென்ன விசரே? பதின்மூண்டுக்கு!"

திரும்பி வந்தபோது பதினாலாம் மெசினில் நூல் அறுந்து கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற முடிச்சு அன்றைக்கு இரண்டுதரம் வழுக்கியது. மெசின் இரைச்சலில் யாருக்குச் சொல்வது? சொன்னாலும் யாருக்குக் கேட்கும்? பக்கத்து வரிசையில் நின்ற துருக்கிக்காரனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவன் என்ன விளங்கினானோ, தானும் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தான்.

நீக்கிலாஸும் மேரிசெலினும் மன்னாரில் பேசாலைப் பக்கத்து ஆட்கள். நீக்கிலாஸ் டெனிஸ் சரக்குக் கப்பல் ஒன்றில் எண்ணெய்க்காரனாக இருந்து, எழுபத்தோராம் ஆண்டு ஓகூஸ் துறைமுகத்தில் இறங்கி, இந்த நெசவு நகரத்துக்கு வேலைக்கு வந்தவன். அவன் வந்து இரண்டு வருசத்தில் வெளிநாட்டு வேலையாட்களுக்கு அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். பிறகு ஊருக்குப் போய்ச் செலினைக் கலியாணம் கட்டிக் கூட்டிவந்தான். செலின் மன்னாரில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிகளை ரைப் அடித்தவள். எல்லை, விஸ்தீரணம், கிழக்கே இன்னார் காணி, மேற்கே ஒழுங்கை என்று அடித்து அடித்து, ஒரு வேலியைப் பார்த்தால் அதன் நீளம் இவ்வளவு என்று சொல்லக்கூடிய கண் அவளுக்கு வாய்த்திருந்தது.

இக்காஸ்ட்டில் அவளுக்குக் கிடைத்தது கூட்டித் துடைக்கிற வேலை. ஹோல்ம் என்கிற கிழவருடைய கந்தோர். அவர் வீட்டுத் தரகர். நம்மூர்த் தரகரைப்போல இல்லை. டென்மார்க்கில் அந்த வேலைக்கு அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு மூன்று வருசம் இரவுப் பள்ளிக்கூடத்தில் சட்டமும் கணக்கும் கட்டடமும் படித்துச் சோதனை எழுதவேண்டும். கிழவர் அதையெல்லாம் எப்போதோ முடித்தவர். ஒருநாள் அவருடைய மேசையைத் துடைத்துக்கொண்டு நின்ற செலின், விரித்துக் கிடந்த பத்திரத்தைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த டெனிஸில் சொல்லியிருக்கிறாள்: "ஹோல்ம், இந்தத் தோட்டத்தின் அகலம் இங்கே ஒரு மாதிரியும் அங்கே ஒரு மாதிரியும் இருக்கிறது."

கிழவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார். பிறகு, "துணியைக் கீழே வை. உட்கார்" என்றார்.

அதிலிருந்து அவள் ரைப் அடித்தாள். கிழவருக்கு இடுப்பெலும்பு தேய்ந்து நடக்க ஏலாமல் போக, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அவளே வீடுகளுக்குப் போனாள். அறைகளை அளந்தாள், கூரைக்குள் ஏறினாள், எண்ணெய் அடுப்பைத் திறந்து பார்த்தாள், வாங்க வந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு காட்டினாள், விலை பேசினாள். கையெழுத்து மாத்திரம் ஹோல்ம் வைத்தார். "நீ பேசாமல் படி. நான் மூடும்போது நீ திறக்கலாம்" என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

அன்று பின்னேரம் நீக்கிலாஸ் வீட்டுக்கு வந்தபோது, பத்து வயது மகள் விக்ரோரியா கதவடியிலேயே நின்று டெனிஸில் கத்தினாள்: "அம்மா பாஸாகிவிட்டா! அம்மா எங்கள் ரீச்சரைவிடக் கனக்கப் படித்திருக்கிறா!"

"தமிழிலை சொல்லு பிள்ளை."

"தமிழில் சொன்னால் நீங்கள் கெதியாக விளங்கிவிடுவீர்கள்" என்றாள் அவள், அதையும் டெனிஸில்.

செலின் குசினியில் கோதம்பை மாப் பிட்டு அவித்துக்கொண்டு நின்றாள். தகரப்பேணி மீன் குழம்பு கொதித்தது. அவளுடைய முகத்தில் சிரிப்பு இருந்தாலும் அது முழுச் சிரிப்பாக இல்லை. நீக்கிலாஸுக்கு அது விளங்கும். சோதனை எழுதுவதற்கு ஒரு கிழமை முன்னம், ஒக்டோபர் தொடக்கத்தில், ஹோல்முக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. ஹேர்னிங் ஆசுபத்திரியில் கிடக்கிறார். வலக்கை விளங்காது, பேச்சும் போய்விட்டது. அவருடைய மகள் கந்தோரை விற்றுவிட்டாள்.

"மத்தியானம் ஆசுபத்திரிக்குப் போனனான்" என்றாள் செலின். "கடிதத்தைக் கண்ணுக்கு முன்னாலை பிடிச்சன். வாசிச்சார். கண்ணாலை தண்ணி ஓடுது. இடக்கையாலை என்ரை விரலைப் பிடிச்சுக்கொண்டு விடுறார் இல்லை."

"அவருக்குத்தானே முதல் சந்தோசம்."

"ஓம். ஆனா எனக்கு அவரின்ரை கையெழுத்து வேணுமப்பா. இடக்கையிலை பேனையைக் குடுத்தாலும் கீறல்தான் வருது. சோதினை மட்டும் காணாது. மூண்டு வருசம் நானே வீடு வித்தனான் எண்டு முதலாளி எழுதித் தரவேணும். அப்பதான் லைசென்ஸ்."

கந்தோரை வாங்கியவர் கெல்சன் என்கிற இளம் மனிதர். கெட்டவர் இல்லை. செலினை வேலையில் வைத்திருந்தார், பெயர் சொல்லி மரியாதையாகப் பேசினார். ஆனால் அவள் கேட்டபோது பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார். துப்புரவு வேலை, தட்டச்சு என்றுதான் அதில் இருந்தது. ஹோல்ம் ஒருநாளும் மாற்றி எழுதவில்லை. விற்ற வீடுகளின் பத்திரங்கள் எல்லாவற்றிலும் கிழவரின் கையெழுத்து. "நான் கண்ணால் காணாத வேலைக்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது, செலின்?" என்றார் கெல்சன். நியாயமான கேள்விதான். நியாயமாக இருந்தபடியால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

இருந்தாலும் விண்ணப்பத்தை அனுப்பினாள். தை மாதம் கொப்பன்ஹேகனில் இருந்து மறுமொழி வந்தது. சோதனையில் குறை இல்லை. வேலை அனுபவத்துக்கு ஆதாரம் இல்லை. முதலாளியின் கடிதம் இல்லாவிட்டால் வேறு நம்பத்தகுந்த ஆதாரம் ஏற்றுக்கொள்ளப்படலாம், ஆனால் எண்பத்து மூன்று, நான்கு, ஐந்து என்று மூன்று வருசத்துக்கும் வேண்டும், மார்ச் முதலாம் திகதிக்கு முன்னம் வந்து சேரவேண்டும் என்று எழுதியிருந்தது.

செலின் கடிதத்தை மடித்துச் சீனிப்போத்தலுக்குக் கீழே வைத்தாள். நீக்கிலாஸ் வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினான். 'விடும் செலின், வேலை இருக்குத்தானே, காணும்' என்பதுதான் அது. தொழிற்சாலையில் பதினாலு வருசத்தில் அவன் எதையும் கேட்டு வாங்கியதில்லை; கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தான். அதுதான் சமாதானம் என்று நினைத்திருந்தான். ஆனால் சட்டப் புத்தகத்தை அடுப்படியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வெங்காயம் வெட்டின அவளுடைய மூன்று வருசத்தை அவன் கண்ணால் கண்டவன்.

"வேறை ஆதாரம் எண்டா என்ன?" என்று கேட்டான்.

"தெரியேல்லை."

"நீர் வித்த வீடுகளிலை ஆக்கள் இருக்கினம்தானே. வித்தவை இருக்கினம், வாங்கினவை இருக்கினம். அவை கண்டவைதானே, ஆர் வந்தது, ஆர் அளந்தது எண்டு?"

செலின் அவனைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பி மேசையில் போட்டாள். புத்தகம் ஒன்றும் பார்க்காமல் எழுதத் தொடங்கினாள். பேக்கரிக்குப் பின்னால் இருக்கிற சிவப்புக் கல் வீடு. பிராண்டே றோட்டில் வைக்கோல் கூரை வீடு, கூரைக்குள் எலி. ஸ்ரேசனடி இரட்டை வீடு, குசினிக் கதவு முட்டும். பதினொரு வீடுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை அறை, எந்தப் பக்கம் வெயில் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, நீக்கிலாஸ் வாய் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் என்னுடைய மனிசி என்று அவனுக்குள் ஒன்று நெஞ்சை நிமிர்த்தியது.

அடுத்த சனிக்கிழமைகள் எல்லாம் அவர்கள் றோட்டில்தான். பழைய ஓப்பல் கார் குளிரில் இருமி இருமித்தான் கிளம்பும். தரிசு வெளியில் பனி காற்றோடு குறுக்கே ஓடும். றோட்டு எது வயல் எது என்று தெரியாது. நீக்கிலாஸ் காரை ஓட்டுவான். செலின் மடியில் ஒரு பைலும், சூட்டுப்போத்தலில் தேத்தண்ணியும், விக்ரோரியாவுக்கு வெண்ணெய் பூசின பாணும் வைத்திருப்பாள். வீடு வந்ததும் இறங்கி, கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு போவாள். மற்ற இருவரும் காருக்குள் இருந்து கண்ணாடியில் படிகிற மூச்சை வழித்து வழித்துப் பார்ப்பார்கள்.

பிராண்டே றோட்டில் வைக்கோல் கூரை வீட்டை விற்றது கிறோ என்கிற விதவை மனுசி. இப்போது நகரத்துக்குள் இரண்டறை வீட்டில் இருந்தாள். அவள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டு, கோப்பியும் பனிசும் வைத்தாள். செலின் விசயத்தைச் சொன்னாள்.

"எழுதுகிறேன். ஏன் எழுதமாட்டேன்?" என்றாள் கிறோ. "நீதானே வந்தாய். மூன்று நாள் வந்தாய். எலி இருக்கிறது என்று வாங்குகிறவர்களிடம் சொல்லவேண்டும் என்றாய். எனக்குக் கோபம் வந்தது."

"ஓம், என்னை வெளியே போகச் சொன்னீர்கள்."

"சொன்னேன். பிறகு நீ ஒரு பூனையைக் கொண்டுவந்தாய்."

நீக்கிலாஸ் கோப்பியை வைத்துவிட்டுத் தமிழில் கேட்டான்: "பூனையோ? எனக்குச் சொல்லேல்லை?"

"பக்கத்து வீட்டுப் பூனையப்பா. இரண்டு கிழமைக்கு இரவல்."

கிறோ கோடு போட்ட தாளில், ஒவ்வொரு சொல்லாக அழுத்தி எழுதி, பூனையையும் சேர்த்து எழுதி, கையெழுத்து வைத்தாள்.

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. ஸ்ரேசனடியில் ஒருவர் கதவைப் பாதி திறந்து, அரசாங்கத்துக்கு எழுதுகிற எதிலும் தான் மாட்டிக்கொள்வதில்லை என்று சொல்லிச் சாத்திவிட்டார். செலின் காருக்குத் திரும்பி வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "அடுத்தது" என்றாள். மாசி மாதம் நடுவுக்குள் ஆறு கடிதம் சேர்ந்துவிட்டது. எண்பத்து நாலுக்கு மூன்று, எண்பத்தைந்துக்கு மூன்று.

எண்பத்து மூன்றுக்கு ஒன்றும் இல்லை. அந்த வருசம் அவள் விற்றது மூன்றே வீடு. ஒரு வீட்டை விற்றவர் செத்துவிட்டார், வாங்கினவர்கள் இவள் முகத்தையே மறந்திருந்தார்கள். இரண்டாவது வீட்டின் இரண்டு பகுதியும் ஊரைவிட்டுப் போய் எங்கே என்று தெரியாது. மூன்றாவது, நீக்கிலாஸின் மேற்பார்வையாளர் ஸ்வென்ட் விற்ற வீடு. அதை வாங்கின மெக்கானிக் வேலை நிமித்தம் குளிர்காலம் முழுக்க நோர்வேயில்.

அந்த வீட்டுக் கதை இருவருக்கும் தெரியும், ஆனால் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. டெனிஸ் வீடுகளில் நிலத்துக்குக் கீழே கெல்லர் என்று ஓர் அறை இருக்கும். உருளைக்கிழங்கும் ஜாம் போத்தலும் வைக்கிற இடம். ஸ்வென்டின் கெல்லரில் ஒரு சுவர் வெடித்துத் தண்ணீர் கசிந்தது. அதைச் செலின் வாங்குகிற ஆட்களுக்குச் சொல்லிவிட்டாள். விலை இறங்கியது. அன்றையிலிருந்துதான் ஸ்வென்ட் நீக்கிலாஸுக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்தியது.

"அங்கை போகேலாது" என்றாள் செலின். "நான் செய்தது பிழை எண்டு நினைக்கேல்லை. நாளைக்கும் அதைத்தான் செய்வன். ஆனா அந்தாளிட்டைப் போய், எனக்கு நல்லது எழுதித் தாங்கோ எண்டு கேக்க எனக்கு வாய் வராது."

"கேட்டாத்தானே தெரியும்."

"கேட்டு, அந்தாள் அதைப் பிடிச்சுக்கொண்டு உங்கடை வேலையிலை கை வைச்சா? வேண்டாமப்பா. இரண்டு வருசத்துக் கடிதத்தோடை அனுப்புவம். வாறது வரட்டும்."

அடுத்தநாள் ஞாயிற்றுக்கிழமை. ஹேர்னிங்கில் பூசை முடிந்து வந்து, செலின் பைலை விரித்துக்கொண்டு ரைப்ரைற்றருக்கு முன்னால் இருந்தாள். விரல் கட்டைகளில் இருந்தது, அடிக்கவில்லை. நீக்கிலாஸ் கோட்டைப் போட்டான்.

"எங்கை?"

"சும்மா. காரை ஒருக்காச் சூடாக்கிப்போட்டு வாறன்."

ஸ்வென்டின் புது வீடு நகரத்துக்குள், மஞ்சள் கல் வீடு. நீக்கிலாஸ் போய்ச் சேர்ந்தபோது ஸ்வென்ட் வீட்டு வாசலில் நீண்ட பிடிபோட்ட சவளால் பனி வழித்துக்கொண்டு நின்றார். முழங்கால் உயரத்துக்குப் பனி. இவனைக் கண்டு நிமிர்ந்தார். நீக்கிலாஸ் காரில் வரும்போது பாடமாக்கிக்கொண்டு வந்த டெனிஸ் வசனம் முழுவதும் அந்த இடத்தில் கரைந்துவிட்டது.

ஸ்வென்ட் திரும்பப் பனியை வழித்தபடி சொன்னார்: "சும்மா நிற்பதானால், கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு சவள் இருக்கிறது."

நீக்கிலாஸ் சவளை எடுத்தான். இருவரும் இரண்டு பக்கத்தில் இருந்து வழிக்கத் தொடங்கினார்கள். மேற்பனி பஞ்சுபோல இருந்தது, அடிப்பனி கல்லாக இறுகிக் கிடந்தது. வெட்டி, தூக்கி, வேலிப்பக்கம் எறிய, காதுக்குள் இரத்தம் இரைந்தது. அரை மணித்தியாலத்தில் நடைபாதையின் கல் தெரிந்தது. நடுவில் இருவரின் சவளும் ஒன்றோடொன்று முட்டியது.

"கோப்பி" என்றார் ஸ்வென்ட். கேள்வியா கட்டளையா என்று தெரியவில்லை. நீக்கிலாஸ் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனான்.

ஸ்வென்டின் மனைவி ரூத், மேசையில் கோப்பியும் கறுத்தப் பாணும் வைத்தாள். நீக்கிலாஸ் இரண்டு கையையும் கோப்பையில் சூடாக்கிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி சொன்னான்:

"என் மனைவிக்கு ஒரு கடிதம் வேண்டும். அவள் சோதனை பாஸ். ஹோல்ம் பேசமாட்டார், எழுதமாட்டார். எண்பத்து மூன்றில் உன் வீட்டை விற்றது அவள்தான் என்று சொல்ல உன்னைவிட ஆள் இல்லை. நல்லதாக எழுதத் தேவையில்லை. உண்மையை எழுது."

ஸ்வென்ட் யன்னலைப் பார்த்தார்.

"அவள் அனுப்பினாளா?"

"இல்லை. அவளுக்குத் தெரியாது."

"உன் மனைவி எனக்கு என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியுமா?"

"கெல்லர்."

"கெல்லர்" என்று ஸ்வென்ட் தலையாட்டினார். "ஹோல்ம் வந்திருந்தால் வாயே திறந்திருக்கமாட்டார். இருபது வருசமாக என்னோடு சீட்டு விளையாடிய மனுசன். அவர் தன் கந்தோர்ப் பெண்ணை அனுப்பினார். குள்ளமான பெண். கையில் ஒரு நாடா."

"சுவர் ஈரம்தானே, ஸ்வென்ட்" என்றாள் ரூத்.

"ஈரம்தான்."

"நீ அதற்கு முன்னால் தட்டுக் கட்டி, என் ஜாம் போத்தல் எல்லாவற்றையும் அடுக்கினாய்."

"அடுக்கினேன். அடுக்கவில்லை என்று யார் சொன்னது?" ஸ்வென்ட் நீக்கிலாஸின் பக்கம் திரும்பினார். "அவள் போத்தலை ஒவ்வொன்றாக இறக்கினாள். நாற்பது போத்தல். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: 'நீ சொல்கிறாயா, நான் சொல்லவா?' நான், 'யாரும் சொல்லப்போவதில்லை, நீ ரைப் அடிக்கிற பெண்' என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? 'நான் இந்த வீட்டை விற்கிற ஆள். நாளைக்கு அவர்கள் என் முகத்தைத்தான் தேடி வருவார்கள்' என்றாள்."

நீக்கிலாஸுக்கு இது புதிது. விலை இறங்கியது என்று மட்டும்தான் செலின் வீட்டில் சொல்லியிருந்தாள். நாற்பது போத்தலை இறக்கி வைத்ததையும் இப்படி நேருக்கு நேர் நின்றதையும் அவள் சொல்லவில்லை. அவனுடைய மேற்பார்வையாளரோடு நின்றிருக்கிறாள். அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை உயர்த்தினால் சிரித்துவிடுவான்போல இருந்தது.

"என் தம்பி தன் வீட்டை எண்பத்தொன்றில் விற்றான்" என்றார் ஸ்வென்ட். "கூரையில் ஓட்டை. சொல்லவில்லை. இன்றைக்கும் கோர்ட்டுக்கு நடக்கிறான். என் வீட்டை வாங்கிய மெக்கானிக் இந்த இரண்டு வருசத்தில் ஒருதரம்கூட எனக்கு ரெலிபோன் எடுக்கவில்லை. கண்டால் தொப்பியைத் தொடுகிறான்."

"அதை நீ இவனுக்கு எப்போதோ சொல்லியிருக்கலாம்" என்றாள் ரூத்.

"சொல்லியிருக்கலாம்." ஸ்வென்ட் தாடையைத் தடவினார். "சொல்லவில்லை."

இந்த நடு ஜூலண்டுப் பக்கத்தில் ஒரு மனிதனிடம் இருந்து இதைவிடப் பெரிய மன்னிப்பு வராது என்று பதினாலு வருசத்தில் நீக்கிலாஸ் அறிந்திருந்தான். தலையை ஒருதரம் அசைத்தான்.

ரூத் தாளும் பேனையும் கொண்டுவந்து வைத்தாள். ஸ்வென்ட் எழுதி எழுதி இரண்டு தாளைக் கசக்கினார். மூன்றாவதைக் கையில் பிடித்து, தொழிற்சாலை அறிவித்தலை வாசிப்பதுபோல வாசித்தார்:

"எண்பத்து மூன்றாம் ஆண்டு என் வீட்டை விற்றது திருமதி மேரிசெலின். ஹோல்ம் ஒருதரமும் வரவில்லை. அளந்தது, விலை வைத்தது, காட்டியது, பேசியது எல்லாம் அவள். என் வீட்டின் குறையை நான் மறைத்தேன், அவள் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. ரைப் அடிக்கிற பெண் ஒருத்தி அப்படிச் செய்யத் துணியமாட்டாள். அது தரகர் செய்கிற வேலை. அவள் பிடிவாதக்காரி. என் அடுத்த வீட்டையும் அவளைக்கொண்டுதான் விற்பேன்."

"கடைசி வசனம் உண்மையா?" என்று கேட்டான் நீக்கிலாஸ்.

"உண்மையை எழுது என்றுதானே சொன்னாய்."

வீட்டுக்கு வந்து கடிதத்தை ரைப்ரைற்றருக்குப் பக்கத்தில் வைத்தான். செலின் வாசித்தாள். பாதியில் கையால் வாயைப் பொத்தினாள். முடித்துவிட்டுத் திரும்ப மேலிருந்து வாசித்தாள்.

"பிடிவாதக்காரி எண்டு அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறான் மனுசன்."

"பொய்யே?"

"நீங்கள் என்னெண்டு கேட்டனீங்கள்? பயமாய் இருக்கேல்லையே?"

"இருந்ததுதான். பனி வழிக்கேக்கை தெரியேல்லை." கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். "நாப்பது ஜாம் போத்தல் இறக்கினனீராம்."

செலின் முகத்தைத் திருப்பினாள். "நாப்பத்திரண்டு" என்றாள். பிறகு இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். விக்ரோரியா ஓடிவந்து என்ன என்ன என்று டெனிஸில் கேட்க, ஒருவராலும் சொல்லமுடியவில்லை. செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரைப்ரைற்றரில் தாளை ஏற்றினாள். இந்தமுறை கட்டைகள் தொழிற்சாலை மெசின்மாதிரி அடித்தன.

பெரியவெள்ளி போய், உயிர்த்த ஞாயிறும் போய், சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை கொப்பன்ஹேகனில் இருந்து ஒரு தடித்த உறை வந்தது. அன்று நீக்கிலாஸுக்குப் பின்னேர வேலை என்றபடியால் அவன்தான் தபால்காரனிடம் வாங்கினான். உடைக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே கெல்சனின் கந்தோருக்குப் போனான். செலின் ஒரு வாடிக்கையாளரோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கதவடியில் உறையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கண்டும் எழும்பவில்லை. வந்த மனிதருக்குத் தோட்டத்து எல்லையை முழுக்க விளக்கி, கைகொடுத்து அனுப்பிவிட்டுத்தான் வந்தாள். பேனாக்கத்தியால் ஓரத்தை நேராக வெட்டினாள்.

லைசென்ஸ். முத்திரை, கையெழுத்து, நடுவில் அவளுடைய முழுப்பெயர். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

கெல்சன் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார். "அப்படியானால் எனக்கு எதிராக ஒரு கடை திறக்கப்போகிறாய்" என்றார்.

"இல்லாவிட்டால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போடுங்கள்" என்றாள் செலின். "யோசித்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பேன்."

நீக்கிலாஸ் வெளியே வந்து காரில் ஏறிய பிறகுதான் அவள் சொன்னது அவனுக்கு முழுக்க விளங்கியது. கெல்சன் வியாழக்கிழமையே சம்மதம் சொன்னார். கந்தோரின் கண்ணாடிக் கதவில் இரண்டு பெயரும் வந்தன.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பிள்ளை பிறந்தாலோ ஐம்பது வயது வந்தாலோ, அந்த ஆள் காலை இடைவேளைக்கு எல்லோருக்கும் பாண் கொண்டுவர வேண்டும். விக்ரோரியா பிறந்தபோதுகூடக் கூச்சத்தில் கொண்டுபோகாத நீக்கிலாஸ், மற்றவர்களின் பாணைத்தான் பதினாலு வருசமாகச் சாப்பிட்டிருந்தான். அடுத்த திங்கட்கிழமை இரண்டு பெட்டி பேக்கரிப் பனிசும், செலின் விடியப் பொரித்த இறைச்சி றோல்ஸ் ஒரு தட்டமும் கொண்டுபோய்ச் சாப்பாட்டு அறை மேசையில் வைத்தான். சின்னச் சின்ன டெனிஸ் கொடிகளும் குத்தினான்.

"உனக்குப் பிறந்தநாளா?" என்று தையல் பகுதி இங்கர் கேட்டாள்.

நீக்கிலாஸ் எழும்பி நின்றான். கதிரைகள் இழுபடுகிற சத்தம் அடங்கியது. பஞ்சு ஒட்டிய முகங்கள் எல்லாம் அவனைப் பார்த்தன.

"என் மனைவி" என்று தொடங்கி, அரசாங்கம் அங்கீகரித்த வீட்டுத் தரகர் என்கிற அந்த நீட்டு டெனிஸ் சொல்லை நாக்குத் தடுமாறாமல், ஒரு மூச்சில் சொல்லி முடித்தான்.

யாரோ மேசையில் தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். துருக்கிக்காரன் இரண்டு கட்டைவிரலையும் காட்டினான். றோல்ஸ் தட்டம் கைக்குக் கை போனது. இங்கர் கடித்துவிட்டு, உறைப்பில் கண் கலங்க, வாயை ஊதி ஊதிக் கேட்டாள்:

"நீக்கிலாஸ், நானும் என் மனுசனும் வீட்டை விற்க யோசிக்கிறோம். வியாழக்கிழமை பின்னேரம் உன் மனைவி வந்து பார்ப்பாளா?"

"வியாழக்கிழமை அவளுக்கு நேரம் இருக்குமோ தெரியாது" என்றான் நீக்கிலாஸ். "கேட்டுத்தான் சொல்லவேண்டும். தெருப் பெயரைச் சொல்."

கதிரையில் உட்கார்ந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பனிஸ் பெட்டியின் மூடியைக் கிழித்து எழுதினான். பாதியில் மணி அடித்தது. எல்லோரும் எழும்பினார்கள், அப்பால் மெசின்கள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்கின. நீக்கிலாஸ் எழும்பவில்லை. தெருப் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. இங்கரைத் திரும்பச் சொல்லச் சொல்லி, அதைச் சரியாக எழுதி முடித்தான்.